கணக்கைப் போட்டுக் காட்டுவதா, தேட விடுவதா?

உயர்நிலைக் கணித வகுப்பில் இரண்டு கட்சி உண்டு. ஆசிரியர் படிப்படியாகப் போட்டுக் காட்டி, பிறகு பயிற்சி கொடுப்பது ஒன்று. கணக்கை முதலில் கையில் கொடுத்து, மாணவரே வழி தேடட்டும் என்று விடுவது மற்றது.

முதல் கட்சிக்கு வலுவான ஆதாரம் இயற்கணிதத்திலிருந்தே கிடைக்கிறது. தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள், தாமே தீர்க்க முயன்றவர்களைவிட அதே வகைக் கணக்குகளை வேகமாகப் போட்டார்கள் என்று 1985இல் ஸ்வெல்லர், கூப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும்போது, பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைக்கு 2, 3 என்று கண்டுபிடிப்பதற்குள் எதற்காகத் தேடினோம் என்பதே மறந்துபோகும். தேடலிலேயே கவனம் தீர்ந்துவிட்டால் முறை எங்கே மனதில் பதியும்?

ஆனால் அடிப்படை கைவந்த மாணவருக்கு அதே விளக்கம் இடைஞ்சல். தெரிந்ததையே மறுபடி கேட்டால் கொட்டாவிதான் வரும். அவருக்குத் தேடல் பலன் தரும். அதிலும் ஒரு நிபந்தனை. கல்வி ஆய்வாளர் மனு கபூரின் ஆய்வுகளில் மாணவர்கள் முதலில் திணறினார்கள், அப்புறம் ஆசிரியர் முறையை முறையாகச் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு 'தேடல் கற்றல்' என்று பெயர் வைப்பவர்கள்தான் அதிகம்.

சரி, குடும்பப் பின்னணி? பல நாட்டு மாணவர்கள் எழுதும் பிசா தேர்வில், 2022இல், ஓஈசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் சராசரியில், வசதியான கால்பகுதி மாணவர்களுக்கும் வசதி குறைந்த கால்பகுதி மாணவர்களுக்கும் கணிதத்தில் 93 புள்ளி இடைவெளி. எழுதியவர்கள் 15 வயதினர். அந்த வயதுக்குள் பின்னமும் குறை எண்ணும் சிலருக்குப் பழகிவிட்டன, சிலருக்கு இன்னும் புதிர். வகுப்பில் புரியாததை வீட்டில் கேட்க ஆள் இருந்தால் எந்த முறையும் ஓரளவு சமாளிக்கும். ஆள் இல்லாத பிள்ளை, பாதியில் நின்ற தேடலோடு அடுத்த பாடத்துக்குப் போகிறது. அதனால் முழுத் தேடல் வகுப்பு, வசதியான வீட்டுப் பிள்ளைக்கே சாதகம் என்பது என் கணிப்பு.

கலவையான வகுப்புக்கு நான் தேர்ந்தெடுப்பது போட்டுக் காட்டும் வழியைத்தான். முதல் கணக்கு முழுமையாக, அடுத்ததில் கடைசி வரி காலி, அதற்கடுத்ததில் பாதி காலி. குறுந்தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் புதுக் கணக்கைக் கொடுத்துத் தேட விடலாம்.