சிறுநீரில் ரத்தம்: யூரின் சைட்டாலஜி போதுமா, சிஸ்டோஸ்கோப்பி வேண்டுமா?

வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரெண்டு நாளில் தானாக நின்றும் விடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். சிஸ்டோஸ்கோப்பி, அதாவது சிறுநீர் வரும் துவாரம் வழியாக கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்ப்பது, செய்யணும் என்று டாக்டர் சொன்னதும், "குழாயெல்லாம் வேண்டாம் டாக்டர், யூரினை வச்சே கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பயத்தில் சைட்டாலஜி மட்டும் எடுத்துவிட்டு, 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது ரொம்ப ஆபத்து.

சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் சிறுநீரோடு வெளியே வரும். அவற்றுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் சைட்டாலஜி. பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்த பாப்பனிகொலாவ்தான் 1940களில் இதையும் பெரிய அளவில் முன்னெடுத்தார். செல்லில் பாதிக்கு மேல் கருவே அடைத்துக்கொண்டிருக்கிறதா, கருவின் நிறம் அடர்ந்திருக்கிறதா, அதன் ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேகமாகப் பரவக்கூடிய ஹை கிரேடு கட்டியின் செல்கள் இப்படித்தான் இருக்கும், சுலபமாக உதிரவும் செய்யும். லோ கிரேடு கட்டியின் செல்களோ பார்க்க நல்ல செல் மாதிரியே இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி, சைட்டாலஜி ஹை கிரேடில் சுமார் 84 சதவீதத்தைப் பிடிக்கும், லோ கிரேடில் 16 சதவீதத்தைத்தான் பிடிக்கும் என்கிறது. எனவே நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்துப் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்டவே முடியாது.

சிஸ்டோஸ்கோப்பியில் கட்டியை நேரடியாகவே பார்த்துவிடலாம். எங்கே இருக்கிறது, எத்தனை, எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அப்போதே தெரியும். வளையும் குழாயாக இருந்தால் மரத்துப்போகும் ஜெல் போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், அப்புறம் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ரத்தம் போனால் என் ஓட்டு சந்தேகமில்லாமல் இதற்குத்தான்.

ஆனால் இதற்கும் கண்ணில் படாத இடங்கள் உண்டு. 'கார்சினோமா இன் சிட்டு' என்ற வகை கட்டியாக எழும்பாமல் சுவரோடு சுவராகப் படிந்திருக்கும், சாதாரண வெளிச்சத்தில் லேசான சிவப்பாகத் தெரியும், சமயத்தில் ஒன்றுமே தெரியாது. அதோடு, சிறுநீர்ப்பைக்கு மேலே இருக்கும் குழாயிலும் சிறுநீரகத்திலும் என்ன நடக்கிறது என்று சிஸ்டோஸ்கோப்பிக்குத் தெரியாது. இங்கேதான் சைட்டாலஜி ஜெயிக்கிறது. ஹை கிரேடு செல் இருப்பதாக ரிப்போர்ட் வந்து, சிஸ்டோஸ்கோப்பி சுத்தமாக இருந்தால், 'லேப் தப்பு' என்று ஒதுக்கவே கூடாது. சிடி யூரோகிராம் (சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் ஸ்கேன்), நீல வெளிச்ச சிஸ்டோஸ்கோப்பி, பல இடங்களில் பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) என்று தேடலைத் தொடர வேண்டும். சைட்டாலஜி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கல், கிருமித்தொற்று, பிசிஜி சிகிச்சை (சிறுநீர்ப்பைப் புற்றுக்காக அதன் உள்ளேயே செலுத்தும் மருந்து) ஆகியவை சில நேரம் குழப்பும்.

அல்ட்ராசவுண்ட் பெரிய கட்டியைக் காட்டும், சின்னதையும் தட்டையானதையும் விட்டுவிடும். என்எம்பி22, ஃபிஷ் மாதிரி சிறுநீர்ச் சோதனைகளும் இருக்கின்றன. தொற்றோ கல்லோ இருந்தாலே என்எம்பி22 பாசிட்டிவ் காட்டிவிடலாம். ஃபிஷ் 3, 7, 17 ஆகிய குரோமோசோம்கள் கூடியிருக்கின்றனவா, 9இல் ஒரு பகுதி தொலைந்திருக்கிறதா என்று பார்க்கும்; சைட்டாலஜி இரண்டும்கெட்டானாக வரும்போது உதவும். சிஸ்டோஸ்கோப்பியின் இடத்தை இவை எதுவும் பிடித்துவிடவில்லை.

சைட்டாலஜிக்குக் கொடுப்பதாக இருந்தால், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்த செல்கள் சிதைந்திருக்கும். அதற்கு அடுத்து வருவதைப் பிடித்து, தாமதிக்காமல் லேபில் சேர்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாட்கள் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள், ஒரு நாள் தப்பிய செல் இன்னொரு நாள் அகப்படலாம். ரிப்போர்ட்டில் 'அட்டிப்பிக்கல்' (செல்கள் வழக்கம்போல் இல்லை) என்று இருந்தால் அது புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை, விட்டுவிடலாம் என்றும் அர்த்தமில்லை.

எனக்கு ரொம்ப ஆதங்கம் எதில் என்றால், யூரின் ரொட்டீனும் கல்ச்சரும் எடுத்ததையே எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்வதில். அவை புற்றுச்செல்லைத் தேடும் சோதனைகளே இல்லை. குறிப்பாகப் பெண்களுக்கு 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ரத்தம் மட்டும் வருகிறது என்றால் யூராலஜிஸ்டிடம் போயே ஆக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

ஏற்கெனவே கட்டி எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஹை கிரேடாக இருந்தால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பியும் சைட்டாலஜியும் சேர்த்தே செய்வார்கள். லோ கிரேடு என்றால் சிஸ்டோஸ்கோப்பிதான் முக்கியம், இடைவெளியும் அதிகம். உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த கிரேடு என்று எழுதியிருக்கிறது என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.