மண்டபத்து உப்புக்காற்றும் ஒரு மலையேற்ற ஷூவும்

விலை 3,400 ரூபாய். வாங்கியது ராமநாதபுரத்தில், 2021 மார்ச்சில். மலையில் போட்டது 2024 மே மாதம். இந்த இடைவெளியில்தான் கதையே இருக்கிறது.

நான் கடலோர ஊரான மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், எங்களுக்கும் வேலை இருக்காது. கோவை பக்கம் வெள்ளியங்கிரியில் மலையேற விடுவது பிப்ரவரியிலிருந்து மே கடைசி வரை. இரண்டும் ஒட்டி வரும் அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு வேன் பிடித்துப் போய்வருவது எங்கள் செட்டின் வழக்கம். ஏழு மலையையும் ஒரே ராத்திரியில் ஏறி, மறுநாள் இறங்கிவிட வேண்டும்.

2021-ல் ஊரடங்கு. அடுத்த வருஷம் தங்கச்சி கல்யாணம். அதற்கடுத்த வருஷம் எனக்கு முழங்கால் வலி. "பெட்டியிலேயே பத்திரமா வைங்கண்ணே, அஞ்சு வருஷம் உழைக்கும்" என்று கடைக்காரர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஷூவைப் பரணில் ஏற்றிவிட்டேன். பயிற்சிக்குக்கூட அதைத் தொடவில்லை. எங்கள் பக்கம் ஏற்றம் என்று சொல்ல இருப்பதே இரண்டுதான்: ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் (பெயரில்தான் பர்வதம், ஏறினால் மணல்மேடு), இன்னொன்று பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுமுதுகு. இரண்டையும் பழைய செருப்போடு நடந்தேன். புதுசு தேயக்கூடாதாம்!

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பூண்டி அடிவாரத்தில் 40 ரூபாய்க்கு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏற ஆரம்பித்தோம். முதல் மலைதான் ஆளைக் கொல்லும். கல்படி, செங்குத்து, முடிவே தெரியாது. அங்கே ஷூ கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்தது. இரண்டாவது மலை வழுக்குப்பாறையில் பனி ஈரம் இருந்தும் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடிக்க நின்றபோது, "மாப்ள, காசு குடுத்தாலும் குடுத்தே, ஜம்முனு இருக்குடா" என்று எங்கள் செட்டில் இருந்த படகு டிரைவர் அண்ணன் சொன்னார். கண் பட்டதோ என்னவோ.

ஐந்தாவது மலையில் இடதுகாலில் களிமண் ஒட்டியது மாதிரி ஒரு கனம். தட்டினேன், போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குதிகால் பக்கம் சோல் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. ஆறாவது மலையில் வலதுகாலும் அதே கதி. அடிப்பக்க ரப்பர் புத்தம் புதுசு, மேலே தோல் புத்தம் புதுசு. நடுவில் இருந்த நுரை மட்டும் விரலால் தொட்டால் ரவையாக உதிர்ந்தது.

டிரைவர் அண்ணன் பையில் வலைக்கயிறு இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டார். வலை கட்டுகிற முடிச்சைப் போட்டு இரண்டு ஷூவையும் பொட்டலம் மாதிரி கட்டிக்கொடுத்தார். ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளியது, சாமி கும்பிட்டோம். இறங்கும்போது கயிறு கல்லில் உரசி அறுந்து அறுந்து, மூன்று தடவை மறுபடி கட்டினோம். வெறுங்காலோடு விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப்போன பெரியவர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, "அதைக் கழட்டித் தலையில வச்சுக்க சாமி, சுலுவா இருக்கும்" என்றார். அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊருக்கு வந்து விசாரித்ததில் காரணம் புரிந்தது. நடு சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். ஷூவைப் போடாமல் மூடி வைத்தாலும் இது நடக்கும். போட்டு நடந்தால் நுரை அமுங்கி அமுங்கி உள்ளே தங்கும் ஈரம் வெளியேறுமாம். நடு சோலுக்குப் போடும் இன்னொரு வகையான ஈ.வி.ஏ. நுரைக்கு இந்தக் கேடு இல்லை. உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் மண்டபத்தில், மூன்று வருஷம் மூடிய பெட்டிக்குள்! ஈரம் உறிஞ்சப் பெட்டிக்குள் போட்டிருக்கும் அந்தச் சின்ன சிலிக்கா பொட்டலம் என்ன செய்யும், பாவம்.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பில்லைத் திருப்பிப் பார்த்து, "மூணு வருஷம் ஆச்சேண்ணே" என்றார். அது நியாயம்தான். ஆனால் பத்திரமா வைங்க என்றதும் அதே வாய்தானே? கடலோரத்தில் ஷூ விற்கிறவர் இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டாமா? பெட்டியின் மேலும் ஒரு வரி கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவர், "ஊசி பிடிக்க ஒண்ணுமே இல்லையே தம்பி" என்று நுரையை முழுக்கச் சுரண்டி எறிந்துவிட்டு, வேறு சோல் ஒட்டிச் சுற்றிலும் தைத்துக்கொடுத்தார். 450 ரூபாய்.

மேல்பாகத்துக்கு ஐந்துக்கு நாலு, நடு சோலுக்குச் சைபர், செருப்பு தைத்தவருக்கு ஐந்துக்கு ஐந்து. வாங்குவதாக இருந்தால் நடு சோல் எது என்று கேட்டு, தயாரித்த மாதத்தைப் பார்த்து, தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாங்குங்கள். நான் இப்போது தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஐஸ் கம்பெனிக்குப் போகிறேன். லோடுமேன்கள் "வாங்க வெள்ளியங்கிரி" என்று கூப்பிடுகிறார்கள்.