பழைய குதிநாண் அறுவு: ஆடுசதையை இறக்கித் தைப்பதா, பெருவிரல் நாணைக் கொண்டுவருவதா?

குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது என்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். குதிநாண் (ஆடுசதையைக் குதியெலும்போடு இணைக்கும் நாண்) அறுந்த பலர் பிசியோதெரபிக்கு வந்து சொல்வது இதைத்தான். மற்ற சின்ன நாண்களின் உதவியால் பாதத்தைக் கீழே அழுத்த முடிவதால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையைப் பிசைந்தால், நாண் அறுந்தவருக்குப் பாதம் அசையாது. அதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

4 முதல் 6 வாரம் தாண்டினால் அது பழைய அறுவு. மேல்முனை சுருங்கி ஏறிவிடும், நடுவில் தழும்புத் திசு நிறையும். அதை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் இடைவெளி 2 செ.மீ.க்குள் என்றால் நேராகவே தைத்துவிடலாம். 2 முதல் 5 செ.மீ. வரைதான் உண்மையான போட்டி.

முதல் வழி வி-ஒய் முறை. ஆப்ரஹாம், பாங்கோவிச் என்ற மருத்துவர்கள் 1975-இல் எழுதியது. ஆடுசதையின் நாண்படலத்தை (தசைமேல் படர்ந்து நாணாக இறங்கும் தகட்டை) தலைகீழ் ‘வி’ வடிவில் வெட்டிக் கீழே இறக்கி, ‘ஒய்’ வடிவில் தைப்பார்கள். ‘வி’யின் கைகள் இடைவெளியைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். சொந்தத் தசை, சொந்த நாண், வேறெங்கும் இழப்பில்லை. ஆனால் வெட்டு நீளம். குதிநாணுக்கு மேலுள்ள தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் புண் ஆறுவது பெரும்பாடு. பக்கத்திலேயே சூரல் நரம்பும் (பாதத்தின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தருவது) ஓடுகிறது, அது வெட்டுப்படலாம்.

பாஸ்வொர்த் என்ற மருத்துவர் 1956-இல் சொன்ன முறையில் மேலிருந்து ஒரு பட்டையைக் கீழ்நோக்கி மடித்துத் தைப்பார்கள். இன்னும் பெரிய இடைவெளிக்கும் எட்டும். மடித்த இடம் புடைத்து நிற்பதால் எனக்கு இது முதல் தேர்வு அல்ல.

அடுத்தது எஃப்.எச்.எல். (பெருவிரலை மடக்கும் தசை) மாற்றம். அதன் நாணை வெட்டி, குதியெலும்பில் துளையிட்டு ஸ்க்ரூவால் பிடித்துவைப்பார்கள். இந்தத் தசையும் நடையில் ஆடுசதை வேலை செய்யும் அதே கட்டத்தில்தான் சுருங்குகிறது. அதன் சதை கணுக்கால் வரை இறங்கியிருப்பதால் அந்த வறண்ட இடத்துக்குக் கொஞ்சம் ரத்தமும் கொண்டுவருகிறது. சின்ன வெட்டிலேயே முடிக்கலாம். விலை, பெருவிரலின் அழுத்தம் குறைவது. நடையில் பெரும்பாலும் தெரியாது. வேகமாக ஓடுபவருக்குத் தெரியலாம்.

இங்கே செ.மீ. கணக்கு மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வருடம் சும்மா கிடந்த ஆடுசதையில் கொழுப்பு ஏறியிருக்கும். அதை எவ்வளவு அழகாக இறக்கித் தைத்தாலும் இழுக்கப் பலம் எங்கே? எம்.ஆர்.ஐ.யில் தசையைப் பார்த்துவிட்டுத்தான் முறையைப் பேச வேண்டும். கொழுப்பேறிய தசை, ஐம்பது வயது, சர்க்கரை என்றால் நான் எஃப்.எச்.எல். பக்கம். மூன்று மாத அறுவு, நல்ல தசை, பந்தாடும் இளைஞர் என்றால் வி-ஒய். 5 செ.மீ. தாண்டினால் இரண்டையும் சேர்த்தே செய்வதுண்டு. தொடையின் பின்பக்க நாணை எடுத்துப் பாலம் போடவும் செய்கிறார்கள். பெருவிரல் தப்பிக்கும், ஆனால் அதற்கும் ஆடுசதை உயிரோடு வேண்டும்.

அப்புறம், எந்த முறையானாலும் முதலில் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டு, பிறகு குதிக்கட்டை வைத்த பூட்ஸ், ஒவ்வொரு கட்டையாக எடுப்பது என்று மூன்று மாதம் ஓடிவிடும். ஒற்றைக்காலில் குதியை உயர்த்த ஒரு வருடம்கூட ஆகலாம். இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஆறாம் மாதம் மனம் உடைந்து பயிற்சியை விடுபவர்கள் பெரும்பாலும் இது தெரியாதவர்கள்தான்.