ஒடெஸி அண்ட் ஆரக்கிள்: கடைசிப் பாட்டு வழியாக உள்ளே போகாதீர்கள்

ஸாம்பீஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தைப் பற்றி இரண்டு வகைக் கருத்துதான் அதிகம் காதில் விழும். அறுபதுகளின் மிகச் சிறந்த பாப் ஆல்பங்களில் ஒன்று என்பார்கள் ஒரு சாரார். கடைசிப் பாட்டான 'டைம் ஆஃப் த சீசன்' ஒன்றுதான் தேறும், மற்றதெல்லாம் பியானோவை வைத்துக்கொண்டு மென்று விழுங்கிப் பாடுவது, இதற்கா இவ்வளவு புகழ் என்பார்கள் மறு சாரார். பல வருடம் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு ஒன்று புலப்படும்: இந்த இரு தரப்பும் கேட்டது ஒரே ஆல்பத்தை இல்லை. எந்தப் பாட்டு வழியாக உள்ளே வந்தார்கள், எந்த மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலந்த வடிவம்) கையில் அகப்பட்டது என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துபோகிறது. 1968-இல் ஆல்பம் வந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை.

முதலில் பின்னணி, சுருக்கமாக. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர். கீபோர்டில் ராட் ஆர்ஜென்ட், பாடகர் காலின் ப்ளன்ஸ்டோன், பேஸ் கிட்டாரில் கிறிஸ் வைட், கிட்டாரில் பால் அட்கின்சன், டிரம்ஸில் ஹ்யூ கிரண்டி. 1964-இல் 'ஷீ'ஸ் நாட் தேர்' அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 1967 ஜூனில் சி.பி.எஸ். இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த ஆயிரம் பவுண்டு பட்ஜெட்டோடு ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். பீட்டில்ஸ் அதே இடத்தில் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்ப வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சில பாட்டுகள் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவாயின. கைக்காசு குறைவு என்பதால் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, உள்ளே போனதும் மளமளவென்று பதிவு செய்யும் பழக்கம். ஆல்பத்தில் அனாவசியமாக ஒரு நிமிடம்கூட இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 35 நிமிடம், அவ்வளவுதான்.

வயலின் குழுவைக் கூப்பிடப் பணம் கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது மெலோட்ரான். ஜான் லெனன் ஸ்டுடியோவில் விட்டுவிட்டுப் போன கருவி அது என்று ஆர்ஜென்ட் சொல்லிவருகிறார். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப் இருக்கும்; அழுத்தினால் அதில் ஏற்கெனவே பதிந்துவைத்த வயலினோ புல்லாங்குழலோ ஓடும். எட்டு வினாடி போல ஓடி டேப் தீர்ந்துவிடும், கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். நீண்ட சுரத்தை இஷ்டத்துக்குப் பிடித்து நிற்க முடியாது. 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' பாட்டில் பின்னால் வரும் தந்தி ஒலி லேசாக ஆடுவதும், தூரத்தில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போல இருப்பதும் இந்தக் கருவியின் குணம். அதை ரெக்கார்டிங் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நல்ல பிரதி தேடி அலைய வேண்டாம்.

இப்போது மோனோ, ஸ்டீரியோ விவகாரம். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே சேனலில், ஸ்டீரியோ என்றால் இடம் வலம் என்று இரண்டு சேனலில். ரசிகர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் இடம் இது. சண்டைக்குக் காரணமும் உண்டு. குழு முதலில் கவனமாகச் செய்து முடித்தது மோனோ மிக்ஸைத்தான். அதற்குப் பிறகு கம்பெனி ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. பட்ஜெட் தீர்ந்திருந்ததால், பாட்டெழுதிய வகையில் வந்த ராயல்டியிலிருந்து 200 பவுண்டை ஆர்ஜென்ட்டும் வைட்டும் போட்டு அதையும் முடித்தார்கள். இதில் ஒரு பாட்டு மட்டும் மாட்டிக்கொண்டது. 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டுக்குத் குழுவின் முந்தைய தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ் சேர்த்த ட்ரம்பெட் பகுதி கருவிகளைத் தனித்தனியாகப் பதியும் மல்டிடிராக் டேப்பில் இல்லை. மோனோவுக்கு மிக்ஸ் செய்யும்போதே நேரடியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ட்ரம்பெட்டோடு உண்மையான ஸ்டீரியோ மிக்ஸ் செய்ய வழியே இல்லை. பழைய ஸ்டீரியோ தட்டில் இருப்பது மோனோவை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்த போலி ஸ்டீரியோ.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஹெட்ஃபோனில் அந்தப் பாட்டைப் போடுங்கள். ஒரு காதில் அடிச்சுருதி தூக்கலாகவும் மறு காதில் மேல்சுருதி தூக்கலாகவும் இருந்து, குரல் நடுவில் நிற்காமல் கலங்கலாகத் தெரிந்தால் அது போலி. முந்தைய பாட்டு அகலமாக இருந்து, இது மட்டும் திடீரென்று நடுவில் சுருங்கினால், பிரதி தயாரித்தவர்கள் அந்த இடத்தில் நேர்மையாக மோனோவையே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவதுதான் கேட்கத் தக்கது.

பொதுவாக எதை வாங்கலாம்? ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு மோனோ. டிரம்ஸும் பேஸும் ஒன்றாக முன்னுக்கு வந்து இடிக்கும். 'கேர் ஆஃப் செல் 44' கோரஸ் வெடிக்கும்போது அந்த எடை ஸ்டீரியோவில் கிடைக்காது. ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு ஸ்டீரியோதான் வசதி. மூன்று நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பிரித்துக் கேட்க முடியும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஸ்டீரியோ மிக்ஸைக் கேட்பது மட்டும் வேண்டாம்; அந்தக் கால மிக்ஸில் இடம் வலம் பிரிவு கறாராக இருக்கும், மறு பக்கத்தில் இருப்பது சுத்தமாகக் காணாமல் போகும். போனில் 'மோனோ ஆடியோ' என்ற வசதியைப் போட்டுக்கொண்டால் மோனோ மிக்ஸ் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடைக்காது. இரண்டு சேனலையும் கூட்டும்போது நடுவில் இருந்த குரலும் பேஸும் மேலே ஏறும், ஓரத்தில் இருந்தவை அமுங்கும். 1967-இல் காதால் கேட்டுச் சமன் செய்த மிக்ஸ் வேறு.

பழைய பிரிட்டிஷ் தட்டு தேடுபவர்கள் எண்ணைப் பார்க்க வேண்டும்: 63280 என்று மட்டும் இருந்தால் மோனோ, முன்னால் எஸ் இருந்தால் ஸ்டீரியோ. அசல் முதல் பதிப்புக்குக் கேட்கும் விலை, கேட்கும் அனுபவத்துக்குக் கொடுக்கும் விலை இல்லை. சேகரிப்பாளர்களுக்கு மட்டும்தான் நியாயம். தட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி உட்பக்கம் நெருங்க நெருங்க அதன் கீழே ஓடும் பள்ளத்தின் வேகம் குறையும், உச்ச ஒலிகள் கரகரக்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'டைம் ஆஃப் த சீசன்', அதாவது மூச்சுச் சத்தத்தையே தாளமாக வைத்த பாட்டு. முதல் பக்கத்தின் கடைசியில் மெலோட்ரான் அடர்ந்த 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்'. ஒரு பக்கம் 17, 18 நிமிடம்தான் என்பதால் சேதம் குறைவு. ஆனாலும் பழைய தட்டு வாங்குமுன் இந்த இரண்டு பாட்டையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். ஊசி தேய்ந்த பிளேயரில் ஓடிய தட்டு என்றால் அங்கேதான் குட்டு வெளிப்படும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பதானால், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை ஆல்பம் முறையில் வையுங்கள். பாட்டுவாரியாக வைத்தால், பியானோவும் குரல்களும் மட்டும் உள்ள 'எ ரோஸ் ஃபார் எமிலி' அதற்கு முந்தைய பாட்டின் அளவுக்கு ஊதிப் பெருத்துவிடும். முதலில் அந்தப் பாட்டுக்கு செல்லோவும் மெலோட்ரானும் சேர்த்துப் பார்த்துப் பிறகு எடுத்துவிட்டார்கள். எடுத்தது எவ்வளவு சரி என்பது அந்த வேறு வடிவங்களைக் கேட்டால் தெரியும். அவை 1997-இல் வந்த 'ஸாம்பி ஹெவன்' தொகுப்பில் உள்ளன. பிற்சேர்க்கைப் பாட்டுகளோடு வரும் பதிப்பு என்றால் பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சரி, வரவேற்புக்கு வருவோம். 1967 நவம்பரில் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்த 'கேர் ஆஃப் செல் 44' எடுபடவில்லை. சிறையிலிருந்து விடுதலையாகப் போகும் காதலிக்கு உற்சாகமாக எழுதும் கடிதம். ரேடியோவுக்கு இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிந்திருக்காது. டிசம்பரில் குழு கலைந்தது. 1968 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஆல்பம் வந்தபோது அதை மேடையில் பாட ஆள் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்தது. ப்ளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனிக்கு இதை வெளியிடும் எண்ணமே இல்லை. லண்டனில் வாங்கிவந்த தட்டுகளில் இதைக் கேட்டு அசந்துபோன அமெரிக்க இசைக்காரர் ஆல் கூப்பர் வற்புறுத்திய பிறகுதான் கொலம்பியாவின் துணை லேபிளான 'டேட்' பெயரில் வந்தது. அங்கே முதல் சிங்கிளாக எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? 'புச்சர்ஸ் டேல்'! முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நடுங்கும் கசாப்புக்காரன் பாடுவது. வியட்நாம் போர்க் காலம், எடுபடும் என்று கணக்குப் போட்டார்கள். எடுபடவில்லை. பிறகு வந்த 'டைம் ஆஃப் த சீசன்' மெல்ல ஏறி 1969 மார்ச்சில் பில்போர்டு பத்திரிகையின் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆல்பமோ 95-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பாட்டு ஜெயித்தது, ஆல்பம் ஜெயிக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாத குழுவின் பெயரில் போலி ஸாம்பீஸ்கள் அமெரிக்காவில் கச்சேரி செய்து காசு பார்த்தது தனிக் கூத்து. அதில் ஒரு போலிக் குழுவில் இருந்த டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும் பின்னாளில் ஸீஸீ டாப் என்ற ராக் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்கள்.

அந்த ஒரு பாட்டு 'அவேக்கனிங்ஸ்' தொடங்கி 'தி கான்ஜுரிங்' வரை, அறுபதுகளையும் எழுபதுகளையும் காட்ட வேண்டிய படத்திலெல்லாம் வந்துவிட்டது. அதனால் புதிதாக வருபவர் கைதட்டல், மூச்சு, ஆர்கன் சோலோ என்று இன்னும் பதினொரு பாட்டு இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார். வேறு எந்தப் பாட்டிலும் அது கிடையாது. எழுதிப் பதிவானதில் கடைசிப் பாட்டுகளில் ஒன்று அது. ஸ்டுடியோவில் ஆர்ஜென்ட் திருத்திக்கொண்டே இருந்ததில் கடுப்பான ப்ளன்ஸ்டோன், முடிந்தால் நீயே பாடிக்கொள் என்கிற அளவுக்குப் போனதை இருவரும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இறுக்கமான பாட்டை வைத்து மற்றவற்றை அளக்கக் கூடாது.

சைக்கெடெலிக் (போதை மயக்கம் போன்ற கனவுலக ஒலி) என்ற முத்திரையும் இதே எதிர்பார்ப்பைத்தான் கிளப்புகிறது. நீண்ட கிட்டார் வாசிப்பு இல்லை, சிதார் இல்லை. முழுக்க அந்த வகையில் சேர்வது 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' ஒன்றுதான். மற்றவற்றில் இருப்பது தேவாலயக் கோரஸ் பழக்கத்தில் வந்த குரல் அடுக்கும், பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது எதிர்பாராமல் திரும்பும் சுருதியும்தான். 'பீச்வுட் பார்க்' பாட்டில் மழை நின்ற பிறகு வரும் ஈரம், 'பிரீஃப் கேண்டில்ஸ்' பாட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பாடுவது, இவையெல்லாம் நாலைந்து தடவை கேட்ட பிறகே பிடிபடும். பன்னிரண்டில் ஏழு பாட்டு கிறிஸ் வைட் எழுதியவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்ஜென்ட் பெயரே முன்னால் நிற்கிறது.

விமர்சகர்கள் திரும்பி வந்தது மெதுவாகத்தான். பால் வெல்லர் போன்ற இசைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஆல்பம் என்று சொல்லிச் சொல்லி ஒரு கூட்டம் சேர்ந்தது. ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் 500 ஆல்பம் பட்டியலில் 2003-இல் 80, 2012-இல் 100, 2020-இல் 243. இந்த இறக்கத்தைப் பார்த்து மவுசு குறைந்துவிட்டது என்பது தவறு. 2020 பட்டியல் புது வாக்காளர்களை வைத்து முதலிலிருந்து எடுத்தது. அறுபதுகளின் ஆல்பங்கள் பலவற்றுக்கும் இதே கதி. 2008-இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில், மறைந்த அட்கின்சன் தவிர்த்த நால்வரும் முழு ஆல்பத்தையும் மேடையேற்றினார்கள். 2017-இல் 'எஸ்-டவுன்' பாட்காஸ்ட் 'எ ரோஸ் ஃபார் எமிலி'யை முடிவிசையாக வைத்தது. சினிமாப் பாட்டு வழியாக வராத ஒரு புதுக் கூட்டம் அப்போது உள்ளே வந்தது. 2019-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவுக்கு இடமும் கிடைத்தது.

ரசிகர்கள் ஒப்புக்கொள்ளாத குறைகளும் உண்டு. ஏழாவது பாட்டு 'சேஞ்சஸ்' புல்லாங்குழல் மெலோட்ரானையும் கூட்டுக் குரலையும் கழித்துவிட்டால் மெலிந்த பாட்டு. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்' நண்பர்களான ஜோடிகளின் பெயர்களைப் பின்குரலில் அடுக்கிக்கொண்டே போகும். இனிப்பு கொஞ்சம் அதிகம். பெரிய தகராறு 'புச்சர்ஸ் டேல்' பற்றித்தான். வைட்டின் பயிற்சியற்ற நடுங்கும் குரல், கால் மிதித்து வாசிக்கும் ஆர்கன், பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸின் இசைத்தட்டு ஒன்றைப் பின்னோக்கி வேகமாக ஓடவிட்ட ஒலி. தனியாகக் கேட்டால் ஆல்பத்தின் துணிச்சலான பாட்டு. ஆனால் கல்யாண வீடுகளில் போடுகிற 'திஸ் வில் பி அவர் இயர்' முடிந்த கையோடு பிணவாடை அடிக்கிற பாட்டு வந்தால் எவருக்கும் தூக்கிவாரிப் போடும். முதல் சில தடவை தாண்டிவிட்டுக் கேளுங்கள், தப்பில்லை. மற்ற பதினொன்றும் பழகிய பிறகு அதை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

அட்டையில் ஒடிஸி (Odyssey) என்ற சொல்லே Odessey என்று எழுத்துப்பிழையோடு இருக்கும். வரைந்த டெர்ரி குவிர்க் செய்த தவறு. வேண்டுமென்றே செய்ததாகக் குழு வெகுகாலம் சமாளித்தது. ஆகவே தேடுபொறியில் சரியான எழுத்துக்கூட்டலைப் போட்டு ஆல்பம் வரவில்லையே என்று விழிக்காதீர்கள், தப்பாகவே தட்டச்சு செய்யுங்கள்.