மொட்டை மாடிக்குக் கீற்றுப் பந்தலா, சுண்ணாம்புப் பூச்சா?

பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலைப் பகலெல்லாம் வாங்கிய கான்கிரீட் தளம், நள்ளிரவு வரை வீட்டுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருப்பதால், ஏசியைக் குறைக்க விரும்புவோர் முதலில் மாடியைத்தான் கவனிக்க வேண்டும்.

தென்னங்கீற்றுப் பந்தல் வெயிலைத் தளத்தில் விழவிடாமல் தடுப்பதோடு, இடையே காற்றும் ஓடுவதால், குளிர்ச்சியில் அதுவே மேல் என்பேன். ஆயினும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று கீற்றைப் பிய்த்தெறியும், தீப்பொறி அச்சமும் உண்டு.

சுண்ணாம்புப் பூச்சோ வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தளத்தைக் கழுவி, ஈரம் காயுமுன் நீர்த்த சுண்ணாம்பில் சிறிது பசை கலந்து, மாலையில் இருமுறை பூச வேண்டும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் மாசியில் மீண்டும் பூச நேர்ந்தாலும், செலவு குறைவு என்பதால் நான் இதையே தேர்ந்தேன். எங்கள் வீட்டில் இப்போது ஏசியை 27 டிகிரியில் வைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டாலே போதுமானதாக இருக்கிறது.