ஆச்சிமார் பணமும் எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்டும்: ஏழு வருட அனுபவம்

2017 டிசம்பரில் ஒரு எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்டில், அதாவது வளரும் நாடுகளின் பங்குகளில் போடுகிற மியூச்சுவல் ஃபண்டில், 2 லட்சம் ரூபாய் போட்டேன். 2024 டிசம்பர் கடைசியில் அது 2 லட்சத்து 58 ஆயிரம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே பணம் பேங்கில் 6 சதவீத வட்டிக்குக் கிடந்திருந்தால் 3 லட்சம் ஆகியிருக்கும். அதே ஏழு வருடத்தில் நம் நிஃப்டி 10,500லிருந்து 23,600க்குப் போயிருக்கிறது. இருந்தும் நான் இன்னும் விற்கவில்லை. முட்டாள்தனமா, பிடிவாதமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

அந்த 2 லட்சம் என்னுடைய சொந்தப் பணம். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வட்டிக்கடைப் பேரேடுகளில் முதல் பணம், கோயில் பணம் என்று பிரித்து எழுதுவதுபோல ஆச்சிமார் பணம் என்றும் ஒரு தலைப்பு இருக்கும். வீட்டுப் பெண்கள் சீதனத்தில் வந்ததைக் கடையில் வட்டிக்குப் போட்டு வைத்த கணக்கு அது. ஆத்தா எனக்கு விட்டுப்போன நகையில் ஒன்றை விற்று வந்த பணத்தை நானும் மனசுக்குள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

காரைக்குடி செக்காலைச் சாலையில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் தம்பிதான் சேர்த்துவிட்டார். "சைனா, பிரேசில், கொரியா எல்லாம் இனிமேத்தான் ஆச்சி வளரும்" என்றார். 2017ல் அந்த நாடுகளின் பங்கு விலையைக் காட்டும் எம்எஸ்சிஐ குறியீடு டாலரில் 37 சதவீதம் ஏறியிருந்தது; யார் சொன்னாலும் கேட்டிருப்பேன். ஏறி முடித்த வருடத்தின் கடைசி மாதத்தில் நுழைந்தேன். அடுத்த வருடமே 14 சதவீதத்துக்கு மேல் இறங்கியது.

முதல் மூன்று வருடம் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, மடித்து, மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவேன். செலவு என்று ஒரு வரியும் அதில் கிடையாது. எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஃபண்டை நடத்த அவர்கள் எடுக்கிற சதவீதம், தனியாகப் பில் போட்டு வாங்குகிற பணம் இல்லை; தினமும் என்ஏவியிலிருந்து (ஒரு யூனிட்டின் மதிப்பு) கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டுத்தான் நமக்கு விலை சொல்கிறார்கள். நான் கண்டுபிடித்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டில். அதில் ஏஜெண்டுக்குப் போன கமிஷன் ரூபாயாகவே அச்சாகியிருந்தது. அரை வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் ஏஜெண்டுக்கு இவ்வளவு என்றால் மற்றவர்களுக்கு எவ்வளவு என்று அப்போதுதான் கேள்வி வந்தது.

நான் வாங்கியது ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ். இங்கே மும்பையில் ஒரு ஃபண்ட். அது என் பணத்தை லக்சம்பர்க்கில் பதிவான இன்னொரு ஃபண்டில் போடுகிறது. அந்த ஃபண்ட்தான் சைனாவிலும் தைவானிலும் பங்கு வாங்குகிறது. இரண்டு இடத்திலும் செலவு உண்டு. இரண்டடுக்கும் சேர்த்து என்னுடைய ரெகுலர் பிளானில் (ஏஜெண்ட் வழியாக வாங்குவது) வருடத்துக்குச் சுமார் 2.2 சதவீதம். சந்தையைக் கண்காணிக்கிற செபி அப்போது வைத்திருந்த உச்சவரம்பே 2.25தான். ஃபண்டுக்காரர்கள் மாதாமாதம் போடுகிற ஃபேக்ட்ஷீட்டில் மேலே தெரிகிற விகிதம் மும்பைக்காரருடையது மட்டும். அடியில் இருக்கும் ஃபண்டின் செலவு சின்ன எழுத்தில், நட்சத்திரக் குறி போட்டுக் கீழே இருந்தது. எனக்கு வெள்ளெழுத்து வேறு.

இன்னொரு வேடிக்கை. அதே ஃபேக்ட்ஷீட்டின் நாட்டுப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. பள்ளத்தூரில் கிளம்பிய என் பணம் லக்சம்பர்க் போய், இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து, திரும்ப மும்பைக்கே வந்து நம் பேங்க் பங்கை வாங்கியிருக்கிறது! வளரும் சந்தை என்றதும் இருபத்து நாலு நாட்டில் பணம் பரவியிருக்கும் என்று நினைத்தேன். சைனா, தைவான், இந்தியா, கொரியா, இந்த நாலே முக்கால்வாசி.

2021 பிப்ரவரியில் கணக்கு 2 லட்சத்து 85 ஆயிரம் காட்டியது. அப்புறம் சைனா அரசு தன் நாட்டு இணையக் கம்பெனிகளை வரிசையாகப் பிடித்தது. ஜூலையில் டியூஷன் கம்பெனிகள் லாபம் பார்க்கவே கூடாது என்று உத்தரவு. வியாபாரத்தில் தோற்றுப்போவது ஒன்று, வியாபாரமே குற்றமாகிப்போவது வேறு. அடுத்த வருடம் ரஷ்யா. படையெடுப்பு நடந்த சில நாளில் அந்த நாட்டுப் பெரிய பேங்கான ஸ்பெர்பேங்க்கின் பங்கு லண்டனில் ஒரு சென்ட் அளவுக்கு விழுந்தது. 2022 மார்ச் 9ஆம் தேதி எம்எஸ்சிஐ ரஷ்யாவைக் குறியீட்டிலிருந்து எடுத்தது, எல்லாப் பங்குக்கும் ஏறக்குறைய பூஜ்ஜியம் விலை போட்டு. கம்பெனிகள் அப்படியே இருந்தன. பேங்கில் ஜனங்கள் பணம் போட்டு எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் கையில் இருந்த பங்குக்கு மட்டும் விலை இல்லை.

அன்றைக்கு ராத்திரி இரண்டாங்கட்டில் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர். அங்கே பியாப்பொன்னில் ஒரு கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்து பிறகு கடையை நடத்துகிற ஏஜெண்டானவர். பர்மிய எழுத்தில் பத்திரம், பின்பக்கம் ஐயாவின் கையெழுத்தில் தமிழில் "நெல் வயல், 42 ஏக்கர்". 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் கைக்கு வந்த நிலம். அந்தப் பத்து வருடத்தின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் இப்படிச் செட்டிமார் பெயருக்கு வந்திருந்தது. வட்டிக்குப் போன பணம் வயலாக மாட்டிக்கொண்டது. 1942ல் ஜப்பான்காரன் வந்தான், ஐயா நடந்து ஊர் திரும்பினார். 1948ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. வயல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நெல்லும் விளையும்.

ஃபண்டின் ஆபத்தைக் காட்டுகிற ரிஸ்கோமீட்டரில் முள் "அதிகம்" என்று நிற்பதைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டபோது, ஏறி இறங்கும் என்றுதான் புரிந்துகொண்டேன். பெட்டிக்குள் கிடந்தது வேறு ரிஸ்க். அந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் பிறந்துவிட்டு அதை மறந்தது என் தப்பு.

சரி, விலை இறங்கிக் கிடக்கிறதே, இன்னும் கொஞ்சம் போடலாம் என்று போனால் இங்கே கடை சாத்தியிருந்தது. எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளும் சேர்ந்து வெளிநாட்டில் போட 700 கோடி டாலர்தான் வரம்பு. அது நிரம்பியதால் 2022 பிப்ரவரியில் புதுப் பணம் வாங்குவது நின்றது. ஜூனில் ஓரளவு திறந்தார்கள். வரி விதியும் 2023ல் ஒரு தடவை, 2024ல் ஒரு தடவை மாறியது. வெளிநாட்டு ரிஸ்க்கை மட்டும் எண்ணிக்கொண்டு உள்ளூர் ரிஸ்க்கை விட்டுவிடாதீர்கள்.

2022 அக்டோபரில் கணக்கு 1 லட்சத்து 90 ஆயிரம். ஐந்து வருடம் கழித்து முதலுக்கே மோசம். அந்த மாதம்தான் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ரெகுலர் பிளானிலிருந்து ஏஜெண்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானுக்கு மாறினேன். மாறுவது விற்றதாகத்தான் கணக்கு. லாபத்தில் இருந்தால் வரி கட்ட வேண்டும். நஷ்டத்தில் இருந்ததால் வரி இல்லை, வருடம் தாண்டியதால் சீக்கிரம் எடுத்தால் பிடிக்கிற எக்ஸிட் லோடும் இல்லை. ஆடிட்டர் இன்னொன்று சொன்னார். அப்போதைய விதிப்படி, வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி கூட்டிக் காட்டலாம்; பணவீக்கக் குறியீடு 272லிருந்து 331 ஆகியிருந்ததால் என் 2 லட்சத்தின் அடக்க விலை 2,43,382 ஆனது. கையில் 10 ஆயிரம் நஷ்டம், வரிக் கணக்கில் 53 ஆயிரம் நஷ்டம். பின்னால் வரும் நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ள அதை எட்டு வருடம் வரை முன்னெடுத்துப் போகலாம். இந்த ஃபண்ட் எனக்குக் கொடுத்ததிலேயே நல்ல விஷயம் அந்த நஷ்டம்தான்.

இப்போது செலவு சுமார் 1.25 சதவீதம். ஏஜெண்ட் தம்பிக்கு வருத்தம்தான். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், காபியும் வாங்கிக் கொடுத்தார்.

போன பொங்கல் விடுமுறையில் மொத்தத்துக்கும் ஒரு ஐந்தொகை எடுத்தேன். ரூபாயில் லாபம் 58 ஆயிரம். போட்ட அன்று டாலர் 64 ரூபாய், அதாவது 3,125 டாலர் போட்டிருக்கிறேன். 2024 கடைசியில் டாலர் 85 ரூபாய் 60 காசு. கையில் இருப்பது 3,014 டாலர். டாலர் கணக்கில் நஷ்டம். லாபம் என்று நான் நினைத்தது முழுக்க ரூபாய் இறங்கியதால் வந்தது. சைனா, தைவான், கொரியா எல்லாம் சேர்ந்து ஏழு வருடத்தில் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. இரண்டு ஃபண்டும் எடுத்த செலவைக் கூட்டினால் 30 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த லாபம் 88 ஆயிரம் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஐயாவுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் பத்தில் ஒன்று பங்கு என்று எங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கிறது. நஷ்டம் வந்த வருடம் பங்கு கிடையாது. என் ஃபண்டுக்காரர்கள் 2022லும் நாலாயிரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் விற்கவில்லை என்றால், ரூபாய்க்கு ஏதாவது ஆனால் கொஞ்சமாவது வெளியே இருக்கட்டும் என்றுதான். என் மொத்தச் சேமிப்பில் இது இருபதில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஏறினால் எடுத்துவிடுவேன். பணம் கைக்கு வர ஒரு வாரம் போல ஆகும், அதனால் அவசரத் தேவைக்கான பணத்தை இங்கே வைக்க வேண்டாம். புதிதாக நான் போடவில்லை.

போன வாரம் அதே தம்பி வீட்டுக்கு வந்தார். வியட்நாமில் போடுகிற ஏதோ ஒன்று வந்திருக்கிறதாம், குஜராத்தில் இருக்கிற நிதி மையமான கிஃப்ட் சிட்டி வழியாக. "சைகோன்ல நம்ம ஆளுக கடை வச்சிருந்தாக, தெரியுமா?" என்றேன். தெரியாது என்றார். எல்லா அடுக்கும் சேர்த்துச் செலவு எவ்வளவு என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் ஆச்சி என்று போனவர் இன்னும் போன் பண்ணவில்லை.