லோயர் ஆர்ம்: புஷ் மட்டும் மாற்றலாமா, ஆர்மையே மாற்றலாமா?

வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்கிறது, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) மூட்டில் இருக்கும் புஷ் ரப்பரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சரி, வீட்டிலேயே மாற்ற எது வசதி?

செலவு: புஷ் மலிவு. ஆர்ம் பல மடங்கு. ஆனால் பல வண்டிகளுக்கு ஆர்மோடு பால் ஜாயின்ட்டும் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சேர்ந்தே வரும்.

வேலை: புஷ்ஷுக்குப் பிரஸ் (அழுத்தித் தள்ளும் கருவி) வேண்டும். சுத்தியலால் அடித்தால் வெளி உறை நசுங்கிவிடும். ஆர்ம் என்றால் போல்ட்டைக் கழற்றி மாட்டுவதுதான்.

எதை மாட்டினாலும், வண்டி ஜாக்கில் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கவே கூடாது. சக்கரத்தில் எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே ஓடிச் சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

பால் ஜாயின்ட் ஆடவில்லை, பக்கத்து லேத்தில் பிரஸ் இருக்கிறது என்றால் புஷ் போதும். துருவேறிய பழைய ஆர்ம் என்றால் நான் முழுசாகவே மாற்றுவேன்.